சித்தியின் காளான் தோப்பு

வோல்கா கரையில் என் தாய்மாமன் தீஹன் குழந்தைகளுக்குக் கதை எழுதிவந்தார். அவர் கதைகளில் என் அம்மா வாத்தாகவும் கரடியாகவும் வந்துகொண்டே இருப்பாள். அம்மாவின் தங்கை கிளாஃபிரா சித்திக்கு வயிறு எரியும்.

"அக்கா மட்டுந்தான் உன் கண்ணுல படுவாளாடா? காளான் வறுத்துப் போட்டு வளத்தவ நானு."

அடுத்த புத்தகத்தில் மாமா அவளை நரியாக்கினார். நரி காளான் பறிக்கும் இடமாக, இடிந்த ஆலைக்குப் பின்னால் உள்ள பிர்ச் மரத் தோப்பும் படத்தோடு அச்சாகிவிட்டது. தன் காளான் இடத்தை எங்கள் ஊரில் யாரும் வெளியே சொல்வதில்லை. சித்தி அந்தத் தோப்பைத் தன் தம்பியான மாமாவுக்கு மட்டுமே காட்டியிருந்தாள்.

மழை விட்டதும் ஊர்ப் பிள்ளைகள் கூடையோடு தோப்பை மொய்த்தார்கள். சித்தி வெறுங்கூடையோடு மாமாவிடம் வந்தாள்.

"போனது போவட்டும். அக்கா பறிக்கிற எடத்தையும் எழுதிருடா."