அச்சுக்கடையில் அப்டேட் ஓடிய காலை

சிங்கப்பூரில் ஒரு கம்பெனியின் கணினிப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். விடியுமுன் மலேசியாவின் ஜொகூரிலிருந்து பாலம் தாண்டிப் போய் இருட்டிய பிறகு திரும்பும் பிழைப்பு அலுத்துப்போய், அதை விட்டுவிட்டு, ஜொகூரிலேயே சின்னக் கடைகளின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் தொழிலை ஆரம்பித்தேன். கிளினிக், மினிமார்க்கெட், பூக்கடை என்று எங்கே போனாலும் பாதி வேலை ஒன்றுதான். யாரும் கண்டுகொள்ளாமல் விட்ட அப்டேட்டுகளைப் போடுவது.

சிம்பாங் ரெங்கத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை ஒன்று. ஓர் அண்ணனும் அவர் மனைவியும் நடத்துகிறார்கள். அண்ணனுக்கு அப்டேட் என்றாலே ஆகாது. திரையின் மூலையில் அறிவிப்பு எட்டிப் பார்த்ததும் "நந்தி லா" என்று சொல்லி மூடிவிடுவார். மலாயில் 'நந்தி' என்றால் அப்புறம்.

"அப்புறம்னு அர்த்தம் இல்லம்மா. சிவன் கோயில்ல குறுக்க உக்காந்திருக்கே, அந்த நந்தி," என்பார் அவர் மனைவியான அக்கா.

அண்ணனுடைய பயத்துக்கும் காரணம் இருந்தது. முன்பு யாரோ அப்டேட் போட்டுக் கொடுத்ததில் அவருடைய பழைய தமிழ் எழுத்துருக்கள் காணாமல் போய், மணமக்கள் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியுமாக வந்திருக்கிறது. அதிலிருந்து அந்தக் கணினியை யாரும் தொடக்கூடாது.

அப்படியிருந்தவர் ஒருநாள் தானாகவே எனக்குப் போன் செய்தார். பக்கத்து டயர் கடையில் யாரோ மின்னஞ்சலில் வந்த பில்லைத் திறந்திருக்கிறார்கள். கணினியில் இருந்த கோப்புகள் எல்லாம் பூட்டிக்கொண்டுவிட்டன. திறந்துவிட வேண்டுமானால் காசு கட்டு என்று திரையில் மிரட்டல்.

"அவங்களோடதும் என்னோடது மாதிரி பழைய சிஸ்டம்தானாம். நாளைக்கே வந்துடு தங்கச்சி."

மறுநாள் காலை போனேன். முதலில் அவருடைய டிசைன்களையும் எழுத்துருக்களையும் தனி டிஸ்கில் நகல் எடுத்தேன். அதைத் திறந்து காட்டிய பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. அப்டேட்டைத் தட்டிவிட்டேன். பல வருஷத்துப் பாக்கி அல்லவா, அது நகரவே மாட்டேன் என்றது.

அப்போதுதான் அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இன்னிக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை அடிச்சுக் கொடுக்கணும். பொண்ணோட அம்மா வந்துக்கிட்டு இருக்காங்க."

"அலமாக்! இதை முன்னாடியே சொல்லக்கூடாதா அண்ணே?"

"சொன்னா நீ இன்னொரு நாள் வரேன்னு போயிடுவ. எனக்கும் மனசு மாறிடும்."

பெண்ணின் அம்மா கோத்தா திங்கியிலிருந்து காரோட்டி வந்து இறங்கினார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. நடுவில் நிறுத்தினால் கணினியே எழுந்திருக்காமல் போகலாம் என்று விளக்கினேன். அவர் அரைமனதாக உட்கார்ந்தார். அக்கா பக்கத்துக் கடையிலிருந்து நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயும் சூடான வடையும் வாங்கி வந்து வைத்தார். பேச்சு மணமகனின் வேலை, புடவை நிறம் என்று ஓடி ஓய்ந்தது. வட்டம் ஓயவில்லை.

சும்மா இருக்க முடியாமல் அந்த அம்மா மேசைமேல் கிடந்த தன் மகள் பத்திரிகையின் மாதிரிப் படியை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். திடீரென்று வடையைக் கீழே வைத்தார்.

"இது என்ன, பொந்தியான் மண்டபம்னு போட்டிருக்கு?"

அண்ணன் எட்டிப் பார்த்தார். போன மாதம் பொந்தியான் கல்யாணம் ஒன்றுக்குச் செய்த டிசைனை எடுத்து, பெயரையும் தேதியையும் மாற்றியவர் மண்டபத்தை மாற்றவில்லை.

"இதை நேத்தே உங்களுக்கு வாட்சாப்ல அனுப்பினேனேம்மா. நீங்ககூட கட்டைவிரல் போட்டீங்க."

"பூ நல்லா இருக்கேன்னு போட்டேன்! யார் எழுத்தைப் படிச்சா?"

பொண்ணும் மாப்பிள்ளையும் கோத்தா திங்கியில் மாலையோடு நிற்க, சொந்தபந்தம் மொத்தமும் ஜொகூரின் அந்தக் கோடியில் பொந்தியானில் மேளச்சத்தத்தைத் தேடி அலைவது நாலு பேர் கண்ணிலும் ஒரே நேரத்தில் ஓடியிருக்க வேண்டும். முதலில் சிரித்தது அந்த அம்மாதான். அவர் சிரித்ததில் அண்ணனுக்கு உயிர் வந்தது.

அப்டேட் முடிந்து கணினி திறந்ததும் அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு டிசைனைச் சொடுக்கினார். தமிழ் அப்படியே இருந்தது, ஒரு புள்ளிகூட அசையவில்லை. மண்டபத்தை மாற்றினார். இந்த முறை அந்த அம்மா சத்தமாக வாசிக்க, அக்கா திரையில் விரல் வைத்துச் சரிபார்த்தார். மாலைக்குள் அச்சு முடிந்தது.

போகும்போது அந்த அம்மா எனக்கும் ஒரு பத்திரிகை வைத்துவிட்டுப் போனார். கல்யாணத்துக்குப் போனேன். மண்டபம் நிறைந்திருந்தது. பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்து மாப்பிள்ளை வீட்டாரிடம் இழுத்துப் போய், "இந்தப் பொண்ணு போட்ட அப்டேட்னாலதான் நீங்க எல்லாரும் சரியான ஊருக்கு வந்திருக்கீங்க," என்றார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் என்னை முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா மட்டும் பாயசம் வரும்வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்து, தன் ஒர்க்‌ஷாப் கணினி ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.