எல்லாருக்கும் ஒரே பெட்டி

அந்தத் தையல் ஆலையின் கம்ப்யூட்டர் அறையில் அவளுக்குச் "சுருக்கு" என்றுதான் பேர். மற்றவர்கள் ஒரு பக்கத்துக்கு நீட்டி முழக்குகிற புரோகிராமை ஒரே வரியில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள். தலைக்கனம் என்றும் சிலர் சொன்னார்கள். கொஞ்சம் இருந்தது உண்மைதான்.

தொழிலாளர்கள் போனிலேயே புகார் சொல்ல ஒரு புரோகிராம் எழுதும் வேலை அவளிடம் வந்தது. ஒவ்வொரு பிரிவின் சூப்பர்வைசருக்கும் ஒரு பெட்டி, நிர்வாகத்துக்குத் தனிப் பெட்டி. பெயரைச் சொன்னால் அதற்கு உரியதை எடுத்துத் தருகிற அசோசியேட்டிவ் அரே இதற்கென்றே அளவெடுத்தது போல இருந்தது. தொடக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு காலிப் பட்டியலை வைத்துவிட்டால் போதும். அதையும் அவள் ஒரே வரியில் வைத்தாள். நிர்வாகப் பெட்டிக்கு ஒரு புகாரை அனுப்பிச் சோதித்தாள். சேர்ந்திருந்தது. மற்ற பெட்டிகளைத் திறந்து பார்க்கவில்லை.

அவள் தங்கை கீழே பேக்கிங் பிரிவில் இருந்தாள். அங்கே சூப்பர்வைசருக்குக் கை சும்மா இருக்காது.

"எழுதுனா அந்தாளு கண்ணுல பட்டுடாதே?" என்று தங்கை கேட்டாள்.

"நிர்வாகத்துக்கு மட்டுந்தான் போகும். உங்க அக்கா எழுதுனதுடி. தைரியமா எழுது."

எங்கே தொட்டார், காதருகே என்ன சொன்னார் என்று தங்கை ஒன்றுவிடாமல் எழுதினாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சூப்பர்வைசர் போனை எடுத்து அதை எல்லாருக்கும் கேட்கப் படித்தார். அவள் குரலைப் போலவே இழுத்து இழுத்துப் படித்தார். ஆண்கள் சிரித்தார்கள். பெண்களிலும் சிலர் சிரித்தார்கள். தங்கை கை கழுவாமல் மாடிக்கு ஓடி வந்தாள்.

"எப்படிக்கா அவன் கைக்குப் போச்சு?"

சுருக்கு அந்த வரியைத் திறந்தாள். பெயருக்கொரு பட்டியல் உண்டாகவில்லை. ஒரே ஒரு பட்டியல்தான் உண்டாகி, எல்லாப் பெயரும் அதிலேயே போய் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் பெட்டியில் போட்டால் அத்தனை பேர் பெட்டியிலும் கிடக்கும்.

"பார்க்கிறேன், நீ போ" என்று தங்கையை அனுப்பிவிட்டு வரியைத் திருத்தினாள். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

அதற்குள் சூப்பர்வைசர் முந்திக்கொண்டார். தன் மானத்தை வாங்கப் புகார் எழுதியவளேதான் ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறாள் என்று மேனேஜர் காதில் போட்டார். மேனேஜர் அக்கா தங்கை இருவரையும் கூப்பிட்டார்.

"புரோகிராம்ல கோளாறு இருந்தா இப்பவே சொல்லிடும்மா. இந்த வேலைக்கு வேற ஆளப் பார்த்துக்கிறேன்."

தங்கை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு சார்."

"அப்ப இவதான் எல்லாருக்கும் அனுப்புனாளா?"

"அவசரத்துல எதையாவது தட்டியிருப்பா சார்."

அன்றைக்கே தங்கைக்கு வேலை போயிற்று. வாசலில் காவலாளி அவள் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விட்டார்.

வீட்டில் சுருக்கு, "ரெண்டு பேருக்கும் வேலை போனா அம்மாவை யாருடி பார்க்கிறது?" என்றாள். தங்கை துணிகளை மூட்டை கட்டினாள். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று அம்மா இருவரையும் மாறி மாறிக் கேட்டாள். தங்கை மூட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

முதலாளியின் மற்ற ஆலைகளுக்கும் அந்தப் புரோகிராம் போயிற்று. சுருக்குக்குத் தனி அறை கிடைத்தது. பேக்கிங் பிரிவில் அதே சூப்பர்வைசர்தான். அங்கிருந்து அதற்குப் பிறகு ஒரு புகாரும் வரவில்லை.

வெகுநாள் கழித்து ஒரு பஸ் நிறுத்தத்தில் தங்கையைப் பார்த்தாள். நன்றாக இளைத்திருந்தாள். ஒரே பாயில் உருண்டு, முடியைப் பிடித்துச் சண்டை போட்டு வளர்ந்தவர்கள். இருவருக்கும் நடுவில் மரியாதை என்ற ஒன்று இருந்ததே இல்லை.

"நல்லா இருக்கீங்களா?" என்று தங்கை கேட்டாள்.

சுருக்கு ஓரடி நெருங்கினாள். "அம்மா உன்னையே கேட்டுக்கிட்டு இருக்காங்கடி."

"நல்லா இருக்கேன்னு சொல்லிடுங்க" என்றாள் தங்கை. பஸ் வந்ததும் ஏறி, மறுபக்க ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.