விசில் அக்காவின் ‘போயிட்டு வா’

அந்த உள்விளையாட்டு அரங்கத்தில் எல்லோருக்கும் அவர் விசில் அக்கா. இருபத்தெட்டு வருடமாகச் சாமான் அறைச் சாவி இடுப்பிலும் விசில் கழுத்திலுமாக இருந்தவர். பந்தின் மேல் உட்கார்ந்தால் ஒரு விசில். வலையைப் பிடித்துத் தொங்கினால் இரண்டு. பிள்ளைகள் பயந்தார்கள், மேனேஜருக்கும் உள்ளூர உதறல்தான். அவரிடம் போய் ஞாயிற்றுக்கிழமை ‘அமைதி நேர’த்தை ஒப்படைத்தபோது, பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை என்றுதான் நினைத்தேன்.

பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை அமைதி நேரம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட வேண்டும் என்பது திட்டம். பாதி விளக்கை அணைத்துவிடுவார்கள். பாட்டு கிடையாது, விசில் கிடையாது. வாசல் பலகையில் ‘அனைவரும் வருக’ என்று எழுதியிருந்தது. முதல் வாரம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பதினோரு பேர் வந்தார்கள். அடுத்த வாரம் மூன்று பேர். அதற்கப்புறம் அந்த ‘அனைவரும்’ என்ற சொல்லுக்குள் நாங்கள் நான்கு அம்மாக்களும் எங்கள் நான்கு பிள்ளைகளும்தான் மிச்சம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பலகையிடம் காட்ட முடியுமா?

என் மகளுக்கு ஒன்பது வயது. டிராம்போலினில் ஏறினால் எண்ணிக்கொண்டே குதிப்பாள், நூறு வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து. கூடக் குதிக்க யாரும் இல்லை. ஒரு ஞாயிறு விசில் அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மேலே ஏறினார். அறுபதைத் தொடப்போகிற வயது. நான் பதறிப்போனேன்.

“அக்கா, முட்டி!”

“அது கெடக்குது. ரெண்டும் சேந்து என்னைத் திட்டிக்கிட்டுத்தான் இருக்குது, கேட்டாத்தானே?”

கை எட்டும் தூரத்தில் யாரையும் விடாத என் மகள் நின்று அவரைப் பார்த்தாள். பிறகு அவர் குதிப்பதையும் சேர்த்து எண்ணத் தொடங்கினாள். அன்று நான் கழிப்பறைக்குள் போய் அழுதேன். சந்தோஷம்தான்.

வினை பன்னிரண்டு மணிக்கு வந்தது. அக்கா யாரை அனுப்பினாலும் சொல்வதைப் போல, “போயிட்டு வா கண்ணு” என்றார். என் மகளுக்குச் சொல் என்றால் சொல்தான். கேட் வரை போனாள், கம்பியைத் தொட்டாள், திரும்பி வந்து அக்காவின் முன்னால் நின்றாள். அக்கா சிரித்தார். “சரி, போயிட்டு வா.” மறுபடி போனாள், மறுபடி வந்தாள். எங்கள் பஸ் பன்னிரண்டு பத்துக்கு. அதை விட்டால் இரண்டு மணிக்குத்தான். கையைப் பிடித்து இழுத்தால் கத்துவாள், தன் கையையே கடிப்பாள். நான்கு ஞாயிறு இதே கூத்து. நான்காவது ஞாயிறு கையில் ரத்தம் வந்துவிட்டது.

“அக்கா, அடுத்த வாரம் ஒரு தடவை பாக்குறேன். சரியாகலேன்னா இனிமே கூட்டிட்டு வர மாட்டேன்,” என்றேன். “‘போ’ன்னு மட்டும் சொல்லுங்க. அது போதும், அவ போயிடுவா.”

அக்காவின் முகம் சுருங்கியது. “அது மட்டும் என்கிட்ட கேக்காதம்மா.”

இரண்டு மணி பஸ்ஸுக்காக அவருடைய சாமான் அறையில் காத்திருந்தோம். ரப்பர் வாடை, காற்றுப் போன பந்துகள், ஒரே ஒரு நாற்காலி. அதை எனக்குத் தந்துவிட்டுப் பாய்க்கட்டின் மேல் அவர் உட்கார்ந்தார். என் மகள் வளையங்களை நிறம் நிறமாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஒரு நாள் காலையில வீட்டுக்காரரோட சண்டை. எதுக்குன்னுகூட இப்ப ஞாபகமில்ல. ‘போ, எங்கயாவது போ’ன்னேன். சட்டையை மாட்டிக்கிட்டுப் போனாரு. இருபத்திரண்டு வருஷமாச்சு. வேற ஊர்ல வேற குடும்பத்தோட நல்லாத்தான் இருக்காராம். கல்யாணமான நாள்லேர்ந்து நான் சொன்ன எதையும் கேக்காத மனுஷன், அந்த ஒரு சொல்லை மட்டும் தட்டாம கேட்டாரு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு எனக்கு வெட்கமாகிவிட்டது.

“அதுலேர்ந்து பால் போட வர்றவரைக்கூட ‘போயிட்டு வாங்க’ன்னுதான் அனுப்புறேன். எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! சொன்னதும் திரும்பி வந்தது உன் பொண்ணு ஒருத்திதாம்மா.”

இருந்தாலும் கடிபட்ட கையும் என் கண் முன்னால்தானே இருந்தது. கேட்டதை நான் திரும்பப் பெறவில்லை.

அடுத்த ஞாயிறு, பன்னிரண்டு மணி. அக்கா கேட் பக்கமே பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, “போ,” என்றார். என் மகள் போனாள். கேட்டைத் தாண்டி நேராக நடந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ் கிடைத்தது. ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. உண்மையைச் சொல்கிறேன், வீடு வந்து சேரும்வரை எனக்கு அக்காவின் நினைப்பே வரவில்லை.

ஏழு மாதம் அப்படியே ஓடியது. ஒவ்வொரு ஞாயிறும் சுவரைப் பார்த்து ஒரு ‘போ’.

அக்காவுக்கு ஓய்வுபெறும் வயது வந்தது. வெளியூரில் தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்றார். “வாஷிங்மெஷின் பக்கத்துல ஒரு கட்டில் போட எடமிருக்காம். தம்பி பொண்டாட்டி அளந்து பாத்துட்டாளாம்.” கடைசி ஞாயிறு பன்னிரண்டு மணிக்குச் சாவியையும் விசிலையும் புது ஆளிடம் கொடுத்துவிட்டு, ஒரு பையுடன் எங்களிடம் வந்தார். அன்று முதலில் கிளம்ப வேண்டியவர் அவர்தான்.

“நான் போயிட்டு வரேன் கண்ணு.”

“போயிட்டு வா கண்ணு,” என்றாள் என் மகள். அக்காவின் குரலேதான், அதே இழுப்பு.

அக்கா கேட் வரை நடந்தார். கம்பியைத் தொட்டார். திரும்பி வந்து என் மகளின் முன்னால் நின்றார்.

“போயிட்டு வா கண்ணு.”

மறுபடி போனார், மறுபடி வந்தார். எங்கள் பஸ் வந்து நின்றது, கிளம்பியும் போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஐந்தாவது தடவை முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் அவரால் வர முடிந்தது. என் மகள் அந்த முட்டியைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“போ,” என்றாள்.

கோபமில்லை, வருத்தமில்லை. மணி சொல்வதைப் போலச் சொன்னாள்.

அக்கா முட்டியிலிருந்து கையை எடுத்தார். “சரி கண்ணு,” என்றார். பையைத் தோள் மாற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் என் மகள் அவர் போன தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா வரல,” என்றாள்.

“ஆமா பாப்பா.”

கொஞ்ச நேரம் கழித்து, “‘வா’ சொல்லல,” என்றாள். இரண்டு மணி பஸ் வரும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.