அம்மா சொன்ன ‘நஹி’

மூன்று மொழியில் சண்டை போடத் தெரிந்த பெண் எங்கள் தீவின் ஷாதிபூரில் அந்த நாளில் என் அம்மா ஒருத்திதான். தமிழ் வீட்டில் பிறந்து, பெங்காலிகளுக்கு நடுவே வளர்ந்து, இந்தியில் பேரம் பேசியவள். பெண்கள் வங்கிக் கணக்கை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுத ஆள் தேடி வந்தவர்கள் அவளைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியம் என்ன? தையல் மெஷினை மூடிவிட்டு, கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு அவள் கிளம்பியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளி விடுமுறை என்பதால் நானும் கூடவே ஒட்டிக்கொண்டேன்.

எங்கள் தெருவில் பாதி ஆண்களுக்குக் கப்பலில்தான் வேலை. அப்பாவும் அப்படித்தான். ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பலேறினாரென்றால், நிக்கோபார் பக்கம் போய்த் திரும்பும்வரை அவர் ஃபோனுக்கு டவர் கிடைக்காது.

கேள்விகள் சுலபமானவை. உங்கள் பெயரில் கணக்கு இருக்கிறதா, அதை நீங்களாகவே பயன்படுத்த முடிகிறதா. எல்லா வீட்டிலும் ஒரே ‘ஆமாம்’தான்: “ஹாஞ்சி.” இல்லை என்று சொன்னால் வீட்டுக்காரரை வெளியாளிடம் விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடுமே! தமிழர், தெலுங்கர், பெங்காலி என்ற பேதமில்லாமல் இந்த ஒரு விஷயத்தில் எங்கள் தெரு ஒற்றுமையாக இருந்தது. அதில் முக்கால்வாசிப் பேர் பேங்க் படியே ஏறியதில்லை என்று அம்மாவுக்குத் தெரியும். ஆனால் சொன்னதைத்தான் எழுத வேண்டும் என்று உத்தரவு. உம்மென்று எழுதிக்கொண்டே வந்தாள்.

எங்கள் வீட்டு முறையும் வந்தது. சொந்த வீட்டை அவளே எழுதக் கூடாதாம். மேற்பார்வை பார்க்கும் மேடம் வந்தார். கரையில் இருந்த அப்பா, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வேடிக்கை பார்க்க வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள்.

அந்தக் கேள்வி வந்ததும் அப்பாவே முந்திக்கொண்டு, “எழுதிக்குங்க மேடம், இங்க எல்லாம் அவ ராஜ்யம்தான்” என்றார்.

“நஹி மேடம்,” என்றாள் அம்மா. “கார்டு இவரு பர்ஸ்ல. பேங்க்ல குடுத்திருக்கிற ஃபோன் நம்பரும் இவரோடது. இவரு கப்பல்ல போயிட்டா ஓடிபி நடுக்கடல்ல கெடக்கும். நான் தைச்சு சம்பாதிச்சதுதான், ஆனா இவரு வந்து சேர்ற வரைக்கும் என்னால தொட முடியாது.”

வாசலில் யாரோ சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. “நான் என்ன, உன்னைக் கேக்காமயா செலவு பண்றேன்?”

“அதையா சொன்னேன்? நீங்க இல்லாதப்ப என்ன செய்வேன்னு கேக்கறாங்க. உள்ளதச் சொன்னேன்.”

மேடம் எழுதாமல் அப்பாவையே பார்த்தார். “அவ சொன்னபடியே எழுதுங்க” என்று சொல்லிவிட்டு, அப்பா எழுந்து வெளியே போனார்.

மறுநாள் பொழுது விடிந்ததுமே எதிர்வீட்டு அத்தை வந்து நின்றாள். “அக்கா, நேத்து வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன். எனக்கும் உன்ன மாதிரியே போட்டுக்கோ.” அவள் பின்னாலேயே பெங்காலி வீட்டு மாமி. அம்மா மேடத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டு எல்லா வாசலையும் மறுபடி மிதித்தாள். இந்தத் தடவை யாரும் லேசில் அவளை விடவில்லை. சொல்ல அவர்களுக்கு அவ்வளவு இருந்தது.

அந்தப் பதில்கள் வங்கிவரை போய்ச் சேர்ந்தன. சில மாதங்களில் வங்கிக்காரர்கள் தெருவுக்கே வந்து மேஜை போட்டு, பெண்களின் கணக்கில் அவரவர் நம்பரையே ஏற்றிக் கொடுத்தார்கள். அதற்கு முன்பே அப்பா ஒரு புது ஃபோனையும் பர்ஸில் இருந்த அந்தக் கார்டையும் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டுக் கப்பலேறியிருந்தார். அவர் கடலில் இருக்கும்போதே அம்மா தன் கணக்கிலிருந்து எடுத்த பணத்தில் துணி வாங்கிக்கொண்டு வந்தாள். எங்கள் தெருப் பெண்களின் கணக்கு இன்று அவர்கள் கையில் இருக்கிறதென்றால், அதில் என் அம்மாவின் ஒரு வார்த்தைக்குப் பங்கு உண்டு. இதைப் பெருமையடிக்க எனக்குக் கூச்சமே இல்லை.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அன்று மேடம் போன பிறகு, “எல்லாரும் ஹாஞ்சின்னாங்களே, நமக்கு மட்டும் தப்பாயிடுச்சாம்மா?” என்று கேட்டேன். அம்மா மேடம் குடித்த டம்ளரைக் கழுவ எடுத்தாள். அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. வெளியே மழை. பாவம், அம்மாவுக்குக் குளிர்கிறது போல என்று நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.