பானையைக் கவிழ்த்தவள்

எங்க அக்கா காத்தாயிக்கு மண்டைக்குள்ள கட்டின்னு சொன்னப்ப எனக்கு வந்தது அழுகை இல்ல, ஆத்திரம். லட்சத்துல ஒருத்தருக்கு வர்ற கட்டியாம். அது தேடிக்கிட்டு வந்து, நடவு நட்டுப் பொழைக்கிறவ மண்டையிலதான் குந்தணுமா?

தஞ்சாவூர்ல ஒரு ஆஸ்பத்திரியில டாக்டரம்மா பொறுமையா விளக்குனாங்க. எல்லாருக்கும் கரண்டு, அதான் கதிர்வீச்சு, வைப்பாங்களாம். பாதிப் பேருக்கு அதோட ஒரு மாத்திரையும் சேத்துக் குடுப்பாங்க. சேத்தா ஆயுசு கூடுதான்னு இன்னும் யாருக்கும் தெரியாது, அதைத்தான் சோதிக்கிறோம்னாங்க. யாருக்கு மாத்திரைங்கறது சீட்டுக் குலுக்குன மாதிரி முடிவாகி ஒட்டுன கவருக்குள்ள இருக்கு, நீங்க சம்மதிச்சாத்தான் பிரிப்போம்னாங்க.

அக்காவுக்கு அந்த மாத்திரை மேல ஆசைதான். ஆனா கவருன்னதும் எழுந்து வெளிய வந்துட்டா.

காரணம் இருக்கு. பத்து வருசத்துக்கு முன்னாடி எங்க ஊருல உபரி நிலத்தைக் கூலிக்காரங்களுக்குக் குடுக்கறோம்னு சீட்டுக் குலுக்குனாங்க. பானை வந்தது பண்ணையார் வீட்டுலேருந்து. எடுக்க எடுக்க அவரு ஆளுங்க பேராவே வந்துச்சு. அக்கா விறுவிறுன்னு போயி பானையைக் கவுத்துட்டா. மிச்சச் சீட்டையெல்லாம் என்னைப் படிக்கச் சொன்னா. அவ பேரு அதுல இல்லவே இல்ல. கவுத்ததுக்குப் பதினஞ்சு நாள் ஜெயில்.

வெளிய பெஞ்சுல வைரக்கண்ணுன்னு ஒருத்தர், பத்து வேலி, அதான் அறுபது ஏக்கருக்கு மேல, நிலம் உள்ளவரு. அவருக்கும் இதே கட்டி. தனக்குக் கரண்டு மட்டும்தான் விழுந்துச்சாம், பெரிய பெரிய ஆளையெல்லாம் புடிச்சும் மாத்த முடியலையாம். பொலம்பித் தீத்தாரு.

உங்களாலயே மாத்த முடியலையான்னு அக்கா திரும்பக் கேட்டுக்கிட்டா. அப்புறம் உள்ள போயி, கவரு மேல என் பேரை எழுதுங்க, என் கண்ணு முன்னால பிரிங்க, என் தங்கச்சி படிக்கட்டும்னா. டாக்டரம்மா அப்படியே செஞ்சாங்க.

கரண்டு மட்டும். படிச்ச கையோட, வாக்கா போவலாம், இங்கயும் அதே கதைதான்னு அவ கையைப் புடிச்சு இழுத்தேன்.

"எதுடி அதே கதை? அன்னைக்குப் பானையில என் பேரே இல்ல. இன்னைக்கு இருந்துச்சு, விழல. கையை விடு."

முப்பது நாள், மன்னார்குடியிலேருந்து காலையில முதல் பஸ். முடி கொத்துக் கொத்தா கொட்டுச்சு. முக்காடு போட்டுக்கன்னேன், மாட்டேன்னுட்டா. ஒருநாள் இவளைக் கூப்புட்ட நேரம் பாத்து வைரக்கண்ணோட ஆளு அவரை முந்திக் கூட்டிட்டுப் போகப் பாத்தான். அக்கா குறுக்க போயி நின்னா.

"என் பேரைத்தான் கூப்புட்டாங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயி, தானே மேசையில ஏறிப் படுத்துக்கிட்டா.