வேலியோரம் காயப்போட்ட மஞ்சள் பூ

கிளறிற்றாவுக்குக் கோபம் வந்தால் லண்டன் ரெய்னர்ஸ் லேன் கடைத்தெருவுக்கே கேட்கும். பழுதான மீனைப் பையில் போட்ட கடைக்காரரோ, சொன்ன நாளுக்கு வராத பிளம்பரோ, கோவில் பாதரோ, யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள். சரியான வாய்க்காரி என்று சனம் சொல்லும். சொல்லட்டுமே! வாய் இல்லாத பெண் இந்த ஊரில் தன்னந்தனியாக நாலு அல்பாக்கா வளர்த்துவிடுவாளா?

அல்பாக்கா ஒட்டகத்துக்குச் சொந்தம். உயரம் நம் தோள் மட்டுந்தான், உடம்பெல்லாம் கம்பளி. ஜேர்மனியில் அகதியாக இருந்த காலத்தில் ஒரு பண்ணையில் வேலை செய்தபோது அதுகளோடு ஒட்டிக்கொண்டாள். லண்டனுக்கு வந்து முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை கிடைத்ததும் ஹரோவுக்கு அப்பால் ஒரு புல்வெளியை வாடகைக்கு எடுத்தாள். ராணி என்ற அல்பாக்காவையும் அதன் குட்டியையும் அந்த இல்லத்துக்கே கூட்டிப்போவாள். மாதக்கணக்கில் வாய் திறக்காத கிழவிகள் ராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதை சொல்லுவார்கள். "புருசன் இல்லை, பிள்ளை இல்லை, ஒட்டகம் மேய்க்கிறாள்" என்று லண்டனில் இருக்கிற ஊர்க்காரரின் ஊர்ச்சங்கத்தில் சிரித்தவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

அந்தப் புல்வெளிக்கு ஒரு சனியன் உண்டு. ராக்வோர்ட் என்று ஒரு களை. ஜூலையில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்கும், பார்க்க அழகு, உள்ளே நஞ்சு. பச்சையாக நிற்கும்போது கசப்பு என்பதால் அல்பாக்கா பெரும்பாலும் மோந்து பார்த்துவிட்டு விலகிவிடும். பிடுங்கி வாடவிட்டால்தான் வினை. கசப்புப் போய்விடும், நஞ்சு அப்படியே இருக்கும், அதுகள் வைக்கோல் மாதிரி மென்று தின்னும், ஈரல் போய்விடும். அதனால் கிளறிற்றா கையுறை போட்டு, வேரோடு கிண்டி, அந்த இடத்திலேயே பையில் கட்டி, புல்வெளிக்கு வெளியே கொண்டுபோய்விடுவாள். ஒரு இலையைக் கூட விட்டுவைக்க மாட்டாள்.

போன ஜூலையில் தங்கச்சி மகளின் கலியாணத்துக்குப் பாரிசுக்குப் போக வேண்டி வந்தது. தண்ணீர் வைப்பதற்காக ஊர்ச்சங்கத் தலைவர் பத்மநாதனிடம் சாவியைக் கொடுத்தாள். தண்ணீர் வைக்க மட்டும்! மனிசன் என்ன செய்தார் தெரியுமா? பாவம், தனிய நிண்டு மாரடிக்கிறாள் என்று, சங்கத்து ஆட்களைத் திரட்டிக் களை பிடுங்கச் சிரமதானம் வைத்துவிட்டார். எல்லோரும் போட ஒரே நிற ரீசேட், மைக், கடிக்கப் பனிஸ், குடிக்கத் தேத்தண்ணி. சனிக்கிழமை பின்னேரம் கிளறிற்றாவின் போனுக்குப் படம் வந்தது. எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பின்னால் வேலியோரம் மஞ்சள் குவியல். அந்தக் குவியலுக்குள் ராணியின் வாய்.

உடனே பத்மநாதனுக்குப் போன் எடுத்தாள்.

"பாத்தனீங்களோ பிள்ளை? காணி பளிச்செண்டு கிடக்கு!"

"அண்ணை, பிடுங்கினதை ஏன் உள்ளுக்கை போட்டனீங்கள்?"

"காயட்டும், பிறகு கொளுத்துவம். ஊரிலை தோட்டத்திலை அப்பிடித்தானே செய்யிறனாங்கள்."

"என்ரை மாதாவே! அது நஞ்சு அண்ணை. காயக் காயத்தான் அதுகள் தின்னும். இப்பவே போய்ப் பையிலை கட்டி வெளியிலை எடுங்கோ. கையுறை போடுங்கோ!"

"ஓம் ஓம், நீங்கள் பயப்பிடாதேங்கோ."

ஞாயிறு காலை, கலியாணத்துக்கு முன்னர் திரும்பவும் எடுத்தாள். "எல்லாம் எடுத்தாச்சு பிள்ளை. நீங்கள் நிம்மதியாய்க் கலியாணத்தைப் பாருங்கோ" என்றார் பத்மநாதன். அவளும் நம்பினாள். பிரியாணி சாப்பிட்டாள், தங்கச்சியோடு கைகோத்து ஆடவும் செய்தாள்.

திங்கள் பின்னேரம் வந்து பார்த்தால், குவியல் இருந்த இடத்திலேயே இருந்தது. பாதிதான் மிச்சம். பெருந்தீனிக்காரி ராணி அதில் நின்று மென்றுகொண்டிருந்தது. கிளறிற்றா கத்திய கத்தலில் பக்கத்துப் பண்ணையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். மிருக வைத்தியர் எல்லாவற்றுக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்தார். மற்றவை தப்பிவிட்டன. ராணியின் ஈரல் பழுது, திருத்த மருந்தில்லை, நல்ல தீனி கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பார்த்துக்கொண்டாள். ஒக்டோபரில் ராணி படுத்தது, எழும்பவில்லை. வைத்தியர் கடைசி ஊசியைப் போட்டார்.

செத்த பண்ணை மிருகத்தை இந்த நாட்டில் புதைக்க விடமாட்டார்கள், லொறிக்காரன் வந்து எடுத்துப்போவான். அன்றைக்குப் பத்மநாதனும் வந்தார், செத்தவீட்டுக்கு வருவது மாதிரிச் சாப்பாட்டுப் பார்சலோடு.

"தெரியாமல் செய்துபோட்டம் பிள்ளை. நல்ல மனசோடைதான் செய்தனாங்கள்."

"தெரியாமல் செய்ததை நான் எப்பவோ மன்னிச்சிட்டன் அண்ணை. ஞாயித்துக்கிழமை அது நஞ்செண்டு உங்களுக்குத் தெரியும். நான் சொல்லிப்போட்டன். ஏன் எடுத்தாச்செண்டு பொய் சொன்னனீங்கள்?"

அவர் பார்சலைக் கைமாற்றிப் பிடித்தார். "கலியாண வீட்டிலை நிண்ட உங்களை ஏன் கவலைப்படுத்துவான் எண்டு... திங்கள் எடுப்பம் எண்டு நினைச்சன்."

"எனக்குக் கவலை வரக்கூடாதெண்டு!" கிளறிற்றாவின் குரல் உடைந்தது, ஆனாலும் தணியவில்லை. "இல்லையெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் கலியாணத்தை விட்டிட்டு அண்டைக்கே ரெயின் ஏறியிருப்பன். உங்கடை மரியாதைதான் அண்ணை அதைக் கொண்டது!"

பத்மநாதன் காருக்குத் திரும்பிப்போகப் பார்த்தார். கிளறிற்றா வேலிப் படலையை மறித்து நின்றாள். லொறி வந்தது. ராணியைக் கயிறு கட்டி இழுத்து ஏற்றினார்கள். குட்டி முனகிக்கொண்டு பின்னாலே போய், லொறியின் ஏற்றுப் பலகையில் முன்னங்காலை வைத்தது.

"முகத்தைத் திருப்பாதேங்கோ," என்றாள் கிளறிற்றா. "அந்தக் குட்டியை நீங்கள்தான் பிடிச்சு இறக்கவேணும்."