சபாஷ் டீச்சர்

எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுப்பவருக்கு சபாஷ் டீச்சர் என்று பெயர். யார் கை தூக்கினாலும் சபாஷ் என்பார். ஒருநாள் மேலிடத்து உத்தரவுப்படி, "உங்க வீட்ல யாராவது நம்ம தலைவரைத் திட்டுவாங்களா?" என்று பிள்ளைகளிடம் கேட்டார். அதுவரை வாயே திறக்காத ஒரு சிறுமி கை தூக்கினாள். "எங்கப்பா, டீச்சர்." பழக்கதோஷம், சபாஷ் என்றுவிட்டார். அதை எழுதியும் அனுப்பினார். அந்த அப்பா வீடு திரும்பவேயில்லை.

உத்தரவு போட்டவன் பென்ஷனோடு நிம்மதியாகத் தூங்குகிறான். இவருக்குத்தான் அந்தச் சின்னக் கை கண்ணை விட்டு அகலவில்லை. அப்புறம் யாருக்கும் சபாஷ் சொன்னதில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இருபது வருஷம் கழித்து அந்தச் சிறுமியே தன் மகளைச் சேர்க்க வந்தாள்.

"இவளும் என்னை மாதிரிதான் டீச்சர், கையே தூக்க மாட்டா," என்றாள். "அப்படியே விட்டுடுங்க."